ஆத்தாளுக்கு முடிந்த ஒரு வெள்ளி

பிரிஞ்சாங் பக்கம் ஒரு இடைநிலைப் பள்ளியில் நாலாம் படிவத்துப் பிள்ளைகளுக்குப் பொருளாதாரம் சொல்லிக்கொடுத்துப் பிழைப்பவள் நான். பணம் என்ற பாடத்தை வருஷா வருஷம் ஒரே மாதிரிதான் தொடங்குவேன். பணம் வருவதற்கு முன்னால் மனிதர்கள் பண்டத்துக்குப் பண்டம் மாற்றினார்கள். கோஸ் வைத்திருப்பவனுக்கு மீன் வேண்டுமென்றால், மீன்காரனுக்கும் அதே நேரம் கோஸ் வேண்டியிருக்க வேண்டும். இந்த இடம் வந்ததும் பின்வரிசையில் யாராவது ஒருத்தன் எழுந்து, இங்கே எல்லார் வீட்டிலும் கோஸ்தானே இருக்கிறது டீச்சர், என்பான். கேமரன் மலையில் பண்டமாற்று ஏன் எடுபடாது என்பதற்கு இதைவிட நல்ல விளக்கத்தை நான் பாடநூலில் பார்த்ததில்லை.

பிறகு ஒரு வெள்ளி நோட்டை உயர்த்திப் பிடிப்பேன். ரிங்கிட்டை நாங்கள் வெள்ளி என்றுதான் சொல்வோம். அதில், இது ஒரு ரிங்கிட் மதிப்புக்குச் சட்டப்படி செல்லும் என்று மலாயில் ஒரு வரி இருக்கும். அந்த ஒரு வரிதான் பணம், மிச்சமெல்லாம் வெறும் பிளாஸ்டிக் என்று சொல்லிப் பிள்ளைகளைக் கொஞ்சம் மிரட்டுவேன். இப்படி ஊருக்கெல்லாம் பணம் என்றால் என்ன என்று சொல்லிக்கொடுத்தவளுக்கு, சொந்த மாமியாரிடம் ஒரே ஒரு காசைப் பற்றிப் பேசி ஜெயிக்க முடியவில்லை.

அத்தைக்குக் கண்ணில் புரை. ஒரு கண் அநேகமாகப் போய்விட்டது, அடுத்த கண்ணும் அதன் பின்னாலேயே கிளம்பியிருந்தது. காலையில் வாசலில் நின்று, என்னம்மா குளிருல குந்திக்கிட்டு இருக்கே, உள்ள வா, காப்பி குடி என்று வெகுநேரம் உபசரித்துக்கொண்டிருப்பார். போய்ப் பார்த்தால் காலி கேஸ் சிலிண்டர் உட்கார்ந்திருக்கும். எனக்குச் சிரிப்பும் வரும், பயமும் வரும். ஈப்போவில் அறுவை சிகிச்சைக்குத் தேதி கொடுத்து, அதை அத்தை ஆடி மாசம் ஆகாது என்று ஒருமுறை தட்டிக் கழித்தாயிற்று. இரண்டாவது தேதி கோயில் திருவிழா முடிந்த மறு வாரம் வந்தது. டாக்டர் என்னைத் தனியே அழைத்து, இதையும் விட்டால் புரை முற்றிவிடும், அப்புறம் பார்வை திரும்பும் என்று என்னால் சொல்ல முடியாது என்றார். அத்தையும் ஒருவழியாகத் தலையாட்டி வைத்திருந்தார். அந்த நேரம் பார்த்து நான் சாமி படத்தைத் துடைக்கப் போனேன்.

திருவிழாவுக்காக வீட்டுக்குச் சாயம் அடித்துக்கொண்டிருந்தோம். மாரியம்மன் படத்தைச் சுவரிலிருந்து எடுத்தபோது அதன் பின்னாலிருந்து ஒரு மஞ்சள் முடிச்சு விழுந்தது. பல்லி முட்டைகளோடு பல வருஷம் குடித்தனம் செய்த துணி. அவிழ்த்துப் பார்த்தால் பழைய ஒரு வெள்ளிக் காசு, தங்க நிறம், ஒரு பக்கம் கிரிஸ் கத்தி, மறுபக்கம் செம்பருத்தி. ஏதோ புதையல் கிடைத்த மாதிரி நானே கொண்டுபோய் அத்தை கையில் வைத்தேன். அவர் அதைத் தடவிப் பார்த்தார். அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டார்.

அது என் வீட்டுக்காரருக்காக முடிந்த காசு. அவர் பள்ளிக்கூடம் போகிற வயசில், அப்பாவுக்குத் தெரியாமல் மோட்டார் சைக்கிளை எடுத்துக்கொண்டு பிரிஞ்சாங் சந்தைக்குக் கிளம்பி, பனிமூட்டத்தில் வளைவு தெரியாமல் தேயிலைச் சரிவில் உருண்டிருக்கிறார். கால் முறிந்து, நினைவு தப்பிக் கிடந்திருக்கிறார். பிள்ளை கண்ணைத் திறந்தால் உனக்கு ஒரு வெள்ளி போடுகிறேன் ஆத்தா என்று அத்தை மஞ்சள் துணியில் முடிந்து வைத்தார். பிள்ளை கண்ணைத் திறந்தது. அந்தச் சந்தோஷத்தில் பால்குடம் எடுத்தார்கள், கிடா வெட்டினார்கள், தோட்டத்து லய வீடுகள் முழுக்கச் சோறு போட்டார்கள். காசை மட்டும் போடவில்லை. மாமா போட்டிருப்பார் என்று அத்தையும், அத்தை போட்டிருப்பார் என்று மாமாவும் நினைத்துக்கொண்டார்கள். சாட்சி சொல்ல மாமா இப்போது உயிரோடு இல்லை.

"பாத்தியா, கண்ணைத் தொறன்னு கேட்டு வாங்கிக்கிட்டு ஏமாத்திட்டேன். அதான் ஆத்தா எங் கண்ணைப் புடிச்சுக்கிட்டா" என்றார் அத்தை. அந்தக் கடன் தீராமல் கண்ணில் கத்தி வைக்க விடப் போவதில்லை என்று முடிவும் சொல்லிவிட்டார்.

இதில் என்ன கஷ்டம், கோயில் கூப்பிடு தூரத்தில் இருக்கிறது, போய் உண்டியலில் போட்டுவிட்டு வரலாம் என்றுதான் நினைத்தேன். அத்தை ஒப்பவில்லை. உண்டியல் திறக்கும்போதெல்லாம் பல வருஷம் கூட உட்கார்ந்து காசு பிரித்தவர் அவர். அங்கே பொருளாளர் கைக்குப் பக்கத்தில் ஒரு மைலோ டின் இருக்கும். இந்தோனேசியக் காசு, வங்காளதேசத்து நோட்டு, விளையாட்டுக் கடை வில்லை, சட்டைப் பொத்தான் எல்லாம் அந்த டின்னுக்குள் போகும். அரசாங்கம் செல்லாது என்று சொன்ன நாளிலிருந்து இந்த ஒரு வெள்ளிக் காசுக்கும் அதே கதிதான். தன்னுடைய நேர்த்திக்கடன் பொத்தானோடு பொத்தானாகக் கிடக்குமே, அதை ஆத்தா எப்படிக் கணக்கில் வைப்பாள் என்பது அத்தையின் கவலை.

அப்படியானால் புது நோட்டு ஒன்றைப் போடுங்கள் என்றேன். முடிந்த காசை மாற்றக் கூடாது என்றார். மதிப்பு ஒன்றுதானே, ஒரு வெள்ளிக்கு இன்னொரு வெள்ளி சமம், பணத்தின் அழகே அதுதான் என்று நான் பாடத்தை எடுத்து விட்டேன். அத்தை பொறுமையாகக் கேட்டார். உன் புருஷனுக்குப் பதிலாக அதே உயரத்தில் இன்னொருத்தனை அனுப்பினால் வைத்துக்கொள்வாயா என்றார். உள்ளே சாயம் அடித்துக்கொண்டிருந்த என் புருஷன் தூரிகையை நிறுத்திவிட்டு என் பதிலுக்குக் காத்திருந்தார். நான் அடுப்பைப் பார்க்கப் போய்விட்டேன்.

அவருக்கு அன்று வேறொரு மனக்குறை. "ஏம்மா, எனக்கு ஒரு வெள்ளிதானா?" என்று அம்மாவைச் சுற்றிச் சுற்றி வந்தார். தேயிலை ஆலையில் இயந்திரம் பழுது பார்க்கிற, நாற்பதைத் தாண்டிய ஆள். பக்கத்து வீட்டுப் பையனின் பரீட்சைக்கு அவன் அம்மா அஞ்சு வெள்ளி முடிந்தாளாம், இவர் உயிருக்கு ஒரு வெள்ளியாம். அன்றைக்குக் கையில் இருந்தது அவ்வளவுதான், அதுவும் உன் அப்பா சட்டைப்பையில் தேடி எடுத்தது என்று அத்தை சொன்னார். அவர் சமாதானமாகவில்லை. இரண்டு நாள் மழையில் கால் வலிக்கிறது என்று கொஞ்சம் கூடுதலாகவே நொண்டினார்.

காசு செல்லுமா செல்லாதா என்று பேங்கிலேயே கேட்டுவிடுவோம் என்று அத்தையை டவுனுக்கு அழைத்துப் போனேன். கவுண்டரில் இருந்த மலாய்ப் பெண் அத்தையை மாக்சி, பெரியம்மா, என்று மிகவும் மரியாதையாக அழைத்து, மாற்றிக்கொள்ளக் கொடுத்த தவணை எப்போதோ முடிந்துவிட்டது, எங்களால் வாங்க முடியாது என்றாள். கள்ளக்காசு பெருகியதால்தான் நிறுத்தினார்கள் என்றும் சொன்னாள். அது எனக்கும் நினைவிருந்தது. எங்கள் பக்கத்தில் அரசாங்கம் நிறுத்துவதற்கு முன்பே கடைக்காரர்கள் அந்தக் காசைத் திருப்பித் திருப்பிப் பார்க்கத் தொடங்கிவிட்டார்கள். பாதிப் பேர் வாங்கவே மாட்டார்கள். சட்டம் கடைசியில் வந்து, ஏற்கெனவே செத்துப்போனதற்குச் சான்றிதழ் எழுதிக் கொடுத்தது. இதை நான் வாய்விட்டுச் சொல்லித் தொலைத்தேன். அத்தையின் முகம் வெளுத்தது. முடிந்து வைத்ததே கள்ளக்காசாக இருந்தால் என்ன செய்வது என்ற புதுக் கவலையை நானே கையில் கொடுத்துவிட்டேன்.

"யாரு செல்லாதுன்னு சொன்னது?" என்று கவுண்டர் பக்கம் திரும்பிக் கேட்டார். அரசாங்கம் என்றேன். "ஆத்தாகிட்ட ஒரு வார்த்தை கேட்டுச்சா அரசாங்கம்?" என்றார். இதை மலாயில் மொழிபெயர்க்கச் சொல்லி என் முழங்கையை இடித்தார். நான் அந்தப் பெண்ணிடம், நன்றி, வருகிறோம் என்று மொழிபெயர்த்தேன்.

திரும்பும் வழியில் கியா பார்ம் சந்தைக் கடை ஒன்றில் ஸ்ட்ராபெரி பொம்மைகளுக்கு நடுவே கண்ணாடிப் பெட்டியில் பழைய காசுகளைப் பார்த்தேன். கடைக்காரச் சீனப் பெண்மணியிடம் நம் காசைக் காட்டியதும் அவள் விளக்கில் திருப்பிப் பார்த்து, நல்ல காசுதான், கள்ளக்காசு இல்லை, அஞ்சு வெள்ளிக்கு எடுத்துக்கொள்கிறேன் என்றாள். பணமாக இருந்தவரை ஒரு வெள்ளி, பணம் இல்லை என்று ஆனதும் அஞ்சு வெள்ளி. நாலாம் படிவத்துக்கு நான் நடத்துகிற பாடத்தில் இதற்கு இடமே இல்லை. எனக்கு ஒரு கவலை தீர்ந்த நிம்மதி. அத்தைக்கோ உடனே அடுத்தது முளைத்தது. அப்போ ஆத்தாளுக்கு நான் அஞ்சு வெள்ளி கடனா என்று கேட்டபடி காசைப் பிடுங்கி ரவிக்கைக்குள் போட்டுக்கொண்டார். காரில் வரும்போது, அத்தனை வருஷத்து வட்டியையும் போட்டுப் பார்க்கச் சொன்னார். நான் வண்டியை ஓரங்கட்டி, கண் போனால் வட்டியை யார் பார்ப்பது என்று சத்தம் போட்டேன். பின்னால் வந்த காய்கறி லோரி என்னைவிடப் பெரிதாகச் சத்தம் போட்டுக் கடந்தது.

கடைசியில் விவகாரம் கோயிலுக்குப் போனது. பூசாரி சுலபமாக, கொண்டாங்க, அம்மன் காலில் வைக்கிறேன், அவளுக்கு எல்லாக் காசும் ஒன்றுதான் என்றார். பொருளாளர் விடவில்லை. அவர் தேயிலை ஆலையில் கணக்கு எழுதும் கிராணியாக இருந்து ஓய்வு பெற்றவர். ஒரு காசு குறைந்தால் சொந்தப் பையிலிருந்து போடுவார், ஒரு காசு கூடினால் தூங்க மாட்டார். காணிக்கை என்று எழுதினால் பேங்கில் கட்ட வேண்டும், பேங்க் வாங்காததைக் கோயில் வாங்கியதாக எழுதினால் அது பொய்க்கணக்கு என்றார். பூசாரி அம்மன் பக்கம், கிராணி அரசாங்கத்தின் பக்கம், நடுவில் அத்தை முந்தானையைப் பிடித்துக்கொண்டு நின்றார். நான் புத்திசாலித்தனமாக ஏதாவது சொல்லப் பார்த்தேன். பணம் என்பதே வாங்குகிறவன் வாங்கினால்தான் பணம், ஆகவே இங்கே வாங்குகிறவர் யார் என்பதுதான் கேள்வி என்றேன். மூன்று பேரும் என்னைப் பார்த்துவிட்டு மறுபடி சண்டையைத் தொடர்ந்தார்கள்.

பூசாரி விட்டுக்கொடுக்காமல் காசை வாங்கி அம்மன் காலடியில் வைத்துவிட்டார். வைத்ததைத் திருப்பித் தரவும் முடியாது, வரவில் எழுதவும் முடியாது. கிராணி வெற்றிலையை இந்தக் கன்னத்திலிருந்து அந்தக் கன்னத்துக்கு மாற்றி மாற்றி யோசித்தார். பிறகு, காசாக வாங்க வழியில்லை, பொருளாக வாங்கலாம் என்றார். அம்மனுக்குச் சாத்திய சேலையும் சூலத்தில் குத்திய எலுமிச்சம்பழமும் திருவிழாவன்று ஏலத்துக்கு வரும். இதுவும் அப்படியே வரட்டும், விற்ற தொகையை அத்தை பேரில் காணிக்கையாக எழுதுகிறேன் என்றார். தன் காசை எலுமிச்சம்பழத்தோடு சேர்த்தது அத்தைக்குக் கொஞ்சம் குறைதான். ஆனால் போன வருஷம் ஒரு பழம் இருநூறு வெள்ளிக்குப் போனதை யாரோ எடுத்துச் சொன்னதும் வாயை மூடிக்கொண்டார்.

திருவிழா மத்தியானம் சாப்பாடு முடிந்ததும் ஏலம் தொடங்கியது. சேலை போனது, பழம் போனது. கிராணி காசைத் தாம்பாளத்தில் வைத்து உயர்த்தி, தேயிலைச் சரிவில் மோட்டாரோடு விழுந்த பிள்ளையைக் கண் திறக்க வைத்த காசு என்று ஒலிபெருக்கியில் கதை சொன்னார். எனக்குத் தெரிந்து அவர் தன் வாழ்க்கையில் கூட்டிச் சொன்ன ஒரே விஷயம் அதுதான், சரிவை ஒரு பள்ளத்தாக்கு ஆக்கிவிட்டார். ஒரு வெள்ளிக் காசை ஒரு வெள்ளியிலிருந்து கேட்கச் சொன்னார். கூட்டம் சிரித்தது. கோலா தெர்லாவில் காய்கறி லோரி ஓட்டுகிற முதலாளி ஒருவர் பதினொன்று என்றார். அவர் லோரிகள் தினமும் அதே வளைவில்தான் பனியில் இறங்குகின்றன.

என் பக்கத்திலிருந்து ஒரு குரல் அம்பத்தொன்று என்றது. திரும்பினால் என் வீட்டுக்காரர். நான் கிள்ளினேன். அவர் நகர்ந்து நின்றுகொண்டார். லோரிக்காரர் நூற்றொன்று. இவர் நூற்றைம்பத்தொன்று. இவர் முகத்தைப் பார்த்தேன். தன் உயிருக்குச் சரியான விலை என்ன என்பதை ஊர் முன்னால் நிலைநாட்ட வந்த மனிதரின் முகம். லோரிக்காரர் இருநூற்றொன்று என்றதும் இவர் இருநூற்றைம்பத்தொன்று என்றார். அடுத்த மாசத்துக் கார் தவணை என் கண்ணெதிரே போய்க்கொண்டிருந்தது. லோரிக்காரர் முந்நூற்றொன்று என்று சொல்லிவிட்டு எங்களைச் சந்தேகமாகப் பார்த்தார். இவர் மூச்சை இழுத்தார்.

அத்தைக்கு ஆள் தெரியாது, குரல் தெரியும். முன்வரிசை நாற்காலியிலிருந்து எழுந்து கூட்டம் பக்கம் திரும்பினார்.

"டேய், உனக்கு எதுக்குடா அது? உன் உசுரு உன்கிட்டத்தானே இருக்கு. வுடு, லோரிக்காரவங்களுக்குத் தேவைப்படும்."

என் வீட்டுக்காரர் இழுத்த மூச்சை விட்டுவிட்டார். முந்நூற்றொன்றுக்குக் காசு போனது. லோரிக்காரர் அதைக் கண்ணில் ஒற்றிக்கொண்டு, பணத்தை அங்கேயே செல்லுகிற நோட்டாகக் கொடுத்தார். கிராணி எல்லார் முன்னிலையிலும் அத்தை பெயரைச் சொல்லி, காணிக்கை வரவு முந்நூற்றொரு வெள்ளி என்று வாசித்தார். பூசாரி கற்பூரம் காட்டினார். அரசாங்கம், அம்மன், பேங்க், வட்டி, எல்லாப் பக்கமும் கணக்கு நேர். எனக்கு அப்போது ஒரு கர்வம் வந்தது உண்மை. பிள்ளைகளுக்கு இதை அப்படியே பாடமாக நடத்தலாம் என்று மனசுக்குள் கரும்பலகையில் எழுதவே தொடங்கிவிட்டேன்.

வீட்டுக்குப் போகிற படிகளில் அத்தையின் கையைப் பிடித்து இறக்கிக்கொண்டு வந்தேன். தீர்ந்தது அத்தை, இனி ஒரு பாக்கியும் இல்லை, செவ்வாய்க்கிழமை ஈப்போ போகலாம் என்றேன். சந்தோஷப்படுவார் என்று எதிர்பார்த்தேன். அவர் பாதிப் படியில் நின்றுவிட்டார்.

"அப்ப போயித்தான் ஆவணுமா?" என்றார்.

அப்போதுதான் எனக்கு உறைத்தது. ஆடி மாசமும், கள்ளக்காசும், அஞ்சு வெள்ளியும், வட்டியும் எல்லாம் அவர் ஒளிந்துகொண்ட இடங்கள். ஒவ்வொன்றிலும் வாதாடி வாதாடி அவரை வெளியே இழுத்தது நான். தேயிலைக்காட்டில் பாம்பைக் கவாத்துக் கத்தியால் வெட்டிப் போட்ட மனுஷிக்குக் கண்ணில் கத்தி என்றால் பயம் என்பது என் படிப்புக்கு எட்டவில்லை. எனக்கு அழுகை வந்தது. ஆமாம் அத்தை, போகணும் என்றேன்.

"நீ உள்ள வருவியா? கத்தி வைக்கிறப்ப?"

அறுவை அறைக்குள் யாரையும் விட மாட்டார்கள். முதல்முறை பரிசோதனைக்குப் போனபோதே நர்ஸ் அதை எங்கள் இரண்டு பேருக்கும் தெளிவாகச் சொல்லியிருந்தாள். அத்தைக்கும் அது தெரியும், எனக்கும் தெரியும்.

"வருவேன்" என்றேன்.

எந்தக் கேள்வியும் கேட்காமல், சத்தியம்கூடக் கேட்காமல், அதை வாங்கிக்கொண்டு அத்தை அடுத்த படியில் காலை வைத்தார்.

செவ்வாய்க்கிழமை ஈப்போவில் நர்ஸ் என்னைக் கதவுக்கு வெளியே நிறுத்தினாள். நான் கெஞ்சினேன், ஆசிரியை என்று சொன்னேன், இரண்டும் பலிக்கவில்லை. அத்தையைத் தள்ளிக்கொண்டு போனார்கள். கதவு மூடிக்கொண்டது. பச்சைச் சட்டையில் ஒருவர் மறுபடி அதைத் திறந்தபோது, எதிர் மலையில் கொழுந்து பறிப்பவர்களைக் கூப்பிடுகிற தோட்டக் குரலை எடுத்து, "அத்தை, இங்கதான் இருக்கேன்" என்று கத்தினேன். நடைபாதையே திரும்பிப் பார்த்தது. நர்ஸ் விரலை உயர்த்திக்கொண்டு என்னிடம் வந்தாள்.

உள்ளேயிருந்து அத்தை, "சரிம்மா" என்றார்.